மின்னணுச் சேவைகளும் மக்கள் மதிப்பீடும்

திங்கட்கிழமை காலையில் கோயமுத்தூர்க் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி தப்பாது. அன்னூர்ப் பக்கமிருந்தும் அவினாசிச் சாலை வழியாகவும் வரும் பேருந்துகளிலிருந்து உழவர் பெருமக்களும் தாய்மார்களும் மஞ்சள் பையுடன் இறங்குவர். பையினுள் பட்டா நகல், பழைய வரி ரசீது, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, ஏற்கெனவே கொடுத்த மனுவின் படி ஆகியவை இருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமையாகும். ஆகவே அவர்கள் இங்கு இறங்கி, வேறொரு பேருந்து ஏறிச் செல்கின்றனர்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை இன்று இணையத்தில் காணலாம். ஊராட்சிக்குரிய வரிகளை இணையவழியே செலுத்தும் வசதி 2023-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர், சுயசான்றின் பேரில் இணையவழியே அனுமதி பெறும் முறை 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கப்பெற்றது. இவை யாவும் நன்மை பயப்பன என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இவ்வளவு வசதிகள் வந்தபின் காந்திபுரத்தில் இறங்கும் மஞ்சள் பைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? குறைந்திருப்பின் எவ்வூரில், யாருக்குக் குறைந்தது? இதனை அளந்தறிவது எவ்வாறு, அப்பணியை ஊராட்சியே செய்துகொள்வது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கை வேறு, மதிப்பீடு வேறு

ஒரு மின்னணுச் சேவை தொடங்கப்பெற்றவுடன் அதைப் பற்றிய எண்ணிக்கைகள் தாமாகவே சேரத் தொடங்குகின்றன. எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பெற்றன, சராசரி எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றைக் கணினியே கூட்டிக் கொடுத்துவிடும். நிர்வாகத்துக்கு இவை தேவையானவையே. ஆனால் இவை அலுவலகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. மக்கள் அலுவலகத்தை எவ்வாறு பார்க்கின்றனர் என்பதை இக்கண்ணாடி காட்டாது.

கீழ்பவானிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்கென அமைந்தது அவ்வாய்க்கால். தலைமதகில் வினாடிக்கு 2,300 கன அடி வரை நீர் திறப்பார்கள். தலைமதகில் திறந்த நீரின் அளவு ஒரு செய்தி, அவ்வளவே. கடைமடை வயல் நனைந்ததா, எத்தனை நாள் கழித்து நனைந்தது, நனையாத வயல்கள் எவை என்பவற்றை அறிந்த பின்னரே பாசனத்தை மதிப்பிட்டதாக ஆகும். மின்னணுச் சேவைக்கும் கடைமடை உண்டு. பேருந்து வசதி குறைந்த குக்கிராமம், கைப்பேசி இல்லாத முதியவர், எழுத்தறியாத கூலித் தொழிலாளி, கணவரின் கைப்பேசியையே நம்பியுள்ள பெண் ஆகியோர் கடைமடைக்காரர். அளவுகோலை அங்கு கொண்டுபோய் வைக்க வேண்டும்.

தலைமதகில் மட்டும் அளந்தால் என்ன நேரும் என்பதற்குக் கண்கூடான சான்று ஒன்றுண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில், பணியிடத்திலேயே நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளரைப் படமெடுத்துக் கைப்பேசிச் செயலி மூலம் வருகை பதியும் முறை 2021-ஆம் ஆண்டு மே மாதம் கொண்டுவரப்பெற்று, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை படங்கள் ஏற்றப்பட்டன என்பதே வெற்றியின் அடையாளமாக இருந்தது. ஆனால் படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுதல், வேலைக்குத் தொடர்பில்லாத படங்களை ஏற்றுதல் போன்ற முறைகேடுகளை 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்ட நேர்ந்தது. பணியிடத்தில் நின்ற பெண்களைக் கேட்டிருந்தால் இச்செய்தி மிக முன்னதாகவே கிடைத்திருக்கும்.

ஒரு மூதாட்டி கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், குறிப்பிட்ட ஒரு சேவைக்கான விண்ணப்பங்கள் யாவும் கணினி வழியே பெறப்பட்டு, உரிய காலத்துக்குள் முடிக்கப்பெற்றன என்று அறிக்கை அனுப்பியிருந்தேன். கணினிக் கணக்கின்படி அது உண்மையே. பின்னர் ஒரு குக்கிராமத்துக்குச் சென்றபோது அச்சேவையைப் பெற்ற மூதாட்டி ஒருவரிடம், “புதிய முறை எப்படி இருக்கிறது, அம்மா?” என்று வினவினேன். “பரவாயில்லீங்க” என்றார் அவர். நானும் மகிழ்ச்சியுடன் புறப்படலானேன். உடன் வந்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர், “ஆத்தா, இதுக்கு எத்தன தடவ பஸ் ஏறுனீங்க?” என்று கேட்டார். அம்மூதாட்டி விரல்விட்டு எண்ணலானார்.

முதல் முறை சென்றபோது கைரேகை பதியவில்லை. களைக்கொத்துப் பிடித்துத் தேய்ந்த விரல்கள். இரண்டாம் முறை ரேகை பதிந்தது, ஆனால் கடவு எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பேரனின் கைப்பேசிக்குப் போய்விட்டது. அவனோ வேலை நேரத்தில் கைப்பேசியை எடுக்கவில்லை. மூன்றாம் முறை பேரனையே விடுப்பெடுத்து வரச்செய்து விண்ணப்பம் போடப்பட்டது. நான்காம் முறை சென்று சான்றின் அச்சுப்படியைப் பெற்றுவந்தார். கணினி மூன்றாம் பயணத்திலிருந்துதான் நாளை எண்ணத் தொடங்கியது. முதல் இரு பயணங்களும், அவற்றில் இழந்த கூலியும், பேரன் இழந்த ஒரு நாள் சம்பளமும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. என் அறிக்கையிலும் இல்லை.

இதனின்று இரண்டு உண்மைகள் எனக்கு விளங்கின. முதலாவது, “பரவாயில்லீங்க” என்பது நம் கொங்கு நாட்டு மக்களின் பண்பாட்டைக் காட்டும் சொல்லேயன்றிச் சேவையின் தரத்தைக் காட்டும் சொல்லன்று. வீடு தேடி வந்தவரின் முகம் கோணக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் சொல் அது. இரண்டாவது, கருத்தைக் கேட்டபோது கிடைக்காத உண்மை, நடந்ததைக் கேட்டபோது கிடைத்தது.

முன்னோர் கண்ட வழி

மக்களிடமே சென்று அளக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 55 சமுதாய வளர்ச்சித் திட்டப் பகுதிகள் நாட்டில் தொடங்கப்பெற்றபோது, அதே மாதத்தில் அவற்றை மதிப்பிடுவதற்கெனத் திட்டக் குழுவின் கீழ்த் தனி அமைப்பு ஒன்றும் நிறுவப்பட்டது. திட்டத்தை நடத்துவோரே திட்டத்தை அளக்கலாகாது என்பது அதன் அடிப்படை. வேலை தொடங்கும் நாளிலேயே அளவுகோலையும் நட்டுவைத்த அவர்களின் தொலைநோக்கு இன்றும் நமக்கு வழிகாட்டத் தக்கது.

அண்மைக் காலத்தில் நமது அண்டை மாநிலத்தின் பெங்களூரு நகரம் ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்தது. டாக்டர் சாமுவேல் பாலும் அவரைச் சார்ந்த குடிமக்களும் நகரின் பொதுச் சேவைகளைப் பற்றிக் குடும்பங்களிடம் முறையாக வினவி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் மதிப்பெண் அட்டை போன்ற ஒன்றை அலுவலகங்களுக்கு 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்போது சேவைகளில் நிறைவு தெரிவித்தோர் சராசரியாக நூற்றுக்கு 9 பேரே. அதே முறையில் மீண்டும் அளந்தபோது 1999-ஆம் ஆண்டில் 34 ஆகவும், 2003-ஆம் ஆண்டில் 49 ஆகவும் அது உயர்ந்தது. மதிப்பெண் அட்டை மட்டுமே இம்மாறுதலை உண்டாக்கிற்று என்று கூறுவது மிகையாகும். ஆனால் முடிவுகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டதும், அளவு மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டதும் அலுவலகங்களைச் சிந்திக்க வைத்தன என்பதில் ஐயமில்லை.

சேவையின் தரத்தை அளக்க பரசுராமன், செய்தாமல், பெர்ரி ஆகிய மூன்று அறிஞர்கள் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட 22 வாசகங்கள் கொண்ட முறையும் உலகெங்கும் வழங்கி வருகிறது. மக்களின் எதிர்பார்ப்புக்கும் அவர்கள் பெற்ற அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியே சேவையின் தரம் என்பது அதன் கருத்து. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. எதிர்பார்ப்பே இல்லாதவருக்கு இடைவெளியும் இராது. பத்து முறை அலைந்து பழகியவர் நான்கு முறை அலைந்ததை நன்மை என்றே கருதுவார். ஆகவே மனநிறைவை மட்டும் அளப்பது போதாது. நடந்ததையும் உடன் அளக்க வேண்டும்.

எவற்றை அளப்பது?

ஓர் ஊராட்சி தன் மக்களிடம் கேட்டறியக் கூடியவற்றை ஆறு தலைப்புகளில் அடக்கலாம்.

1. பயணம்: ஒரு வேலை முடிய எத்தனை முறை வீட்டைவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது.

2. காலம்: முதன்முதலாக முயன்ற நாளிலிருந்து கையில் பயன் கிடைத்த நாள் வரை எத்தனை நாள். விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து எண்ணுதல் கூடாது.

3. செலவு: ரசீதில் கண்ட கட்டணம், ரசீது இல்லாமல் கொடுத்த தொகை, பேருந்துக் கட்டணம், இழந்த கூலி. இவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

4. பிறர் உதவி: விண்ணப்பத்தைத் தாமே நிரப்பினாரா, பிறர் நிரப்பினரா. பிறர் எனின் அவரிடம் ஆதார் எண்ணையும் கடவு எண்ணையும் ஒப்படைக்க நேர்ந்ததா.

5. விளக்கம்: மனு தள்ளுபடியாயின், காரணம் புரியும் தமிழில் சொல்லப்பட்டதா. அலுவலகக் கணக்கில் ‘முடிவு செய்யப்பட்டது’ என்னும் சொல் ஏற்கப்பட்ட மனுவையும் தள்ளுபடியான மனுவையும் ஒருங்கே குறிக்கும். மனுதாரருக்கோ இரண்டும் ஒன்றல்ல.

6. நம்பிக்கை: அடுத்த முறையும் இதே வழியை நாடுவாரா, அன்றிப் பழையபடி நேரில் செல்வதையே விரும்புவாரா.

யாரைக் கேட்பது?

பல செயலிகளும் இணையதளங்களும் வேலை முடிந்தவுடன் நட்சத்திரக் குறியிட்டு மதிப்பளிக்குமாறு கேட்கின்றன. அதனால் வேலை முடிந்தவர்களின் கருத்து மட்டுமே கிடைக்கும். பாதியில் விட்டவர்களும், முயலவே அஞ்சியவர்களும் அக்கணக்கில் சேரார். உழவன் செயலி 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கப்பெற்றது. அதைப் பற்றி அறிய வேண்டுமாயின், கைப்பேசியில் அதை வைத்திருப்பவரை மட்டுமன்றி, வைத்திராத உழவரையும் ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்க வேண்டும்.

எனவே வீடுகளைத் தெரிந்தெடுத்துச் செல்வதே முறை. ஊராட்சியில் 800 வீடுகள் உள்ளன என்றும், 100 வீடுகளில் கேட்க விரும்புகிறோம் என்றும் கொள்வோம். வீட்டு வரிப் பதிவேட்டின் வரிசைப்படி எட்டு வீட்டுக்கு ஒரு வீடு எடுத்தால் போதும். முதல் எட்டில் எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்யலாம். இவ்வாறு செய்தால் தமக்கு வேண்டியவர் வீட்டுக்கு மட்டும் சென்றனர் என்னும் குறை எழாது. வரிப் பதிவேட்டில் இடம்பெறாத குடிசைகள், வாடகைக்கு இருக்கும் வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்கள் ஆகியவற்றையும் தனியே பட்டியலிட்டு, அதே விகிதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு உள்ளிட்ட எந்தக் குக்கிராமமும் விடுபடலாகாது. ஒரு வீட்டில் குடும்பத் தலைவரையும் அடுத்த வீட்டில் ஒரு பெண்ணையும் என மாற்றி மாற்றிக் கேட்பது நலம்.

100 வீடுகள் போதுமா என்று சிலர் வினவலாம். 100 பேரைக் கேட்டு, அவர்களுள் 60 பேர் ஒன்றைச் சொன்னால், ஊர் முழுவதையும் கேட்டாலும் அவ்வாறு சொல்வோர் பெரும்பாலும் நூற்றுக்கு 50-க்கும் 70-க்கும் இடையில் இருப்பர். இந்த முன்பின்னைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாயின் 400 பேரைக் கேட்க வேண்டியிருக்கும். ஓர் ஊராட்சி தன் குறைகளைக் கண்டு திருத்திக்கொள்ள முதலாவது அளவே போதுமானது. ஆனால் சென்ற முறை 60, இம்முறை 63 என்று கண்டு, முன்னேறிவிட்டோம் என மகிழ்வது தகாது.

எவ்வாறு கேட்பது?

சேவையை அளிப்பவரே சென்று கேட்டால் “பரவாயில்லீங்க” என்பதே விடையாகக் கிடைக்கும். ஊராட்சிச் செயலரோ, இ-சேவை மையத்தை நடத்துபவரோ, வட்டார வளர்ச்சி அலுவலரோ கேட்கலாகாது. பக்கத்து ஊராட்சியின் மகளிர் சுய உதவிக் குழுவினரையும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவரையும் ஒருநாள் பயிற்சியளித்து அனுப்பலாம். பேச்சுத் தமிழிலேயே கேட்டு, சொன்னதைச் சொன்னவாறே குறித்துக்கொள்ள வேண்டும். பின்வரும் வினாக்கள் மாதிரியாகத் தரப்படுகின்றன.

1. கடந்த ஓராண்டில் அரசாங்கத்திடமோ ஊராட்சியிடமோ எந்த வேலைக்காகவேனும் சென்றீர்களா? கடைசியாகச் சென்றது எதற்கு?
2. அந்த வேலைக்காக எத்தனை முறை, எங்கெங்கே சென்றீர்கள்?
3. முதன்முறை சென்றபோது வேலை ஆகவில்லையெனில் என்ன காரணம் சொன்னார்கள்?
4. விண்ணப்பத்தை யார் போட்டுக் கொடுத்தார்கள்? யாருடைய கைப்பேசிக்குக் கடவு எண் வந்தது?
5. எவ்வளவு கொடுத்தீர்கள்? எவ்வளவுக்கு ரசீது கிடைத்தது?
6. வேலை முடிந்ததா? முடியவில்லையெனில் காரணம் தெரியுமா?
7. வேலை இருந்தும் செல்லாமலே விட்டுவிட்டது ஏதேனும் உண்டா? ஏன்?
8. இதில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?

நடந்ததைப் பற்றிய வினாக்கள் முன்னும், கருத்தைப் பற்றிய வினா கடைசியிலும் இருப்பதைக் கவனிக்கவும். “புதிய முறை உங்களுக்கு வசதியாகத்தானே இருக்கிறது?” என்பது போல விடையை வாயில் ஊட்டும் வினாக்களை அறவே விலக்க வேண்டும். ஏழாவது வினாவே கடைமடைக்குச் செல்லும் வினா. விண்ணப்பிக்காதவரின் குரல் அதில்தான் கேட்கும். வினாத்தாளில் ஆதார் எண், கைப்பேசி எண், பெயர் ஆகியவற்றை எழுதுதல் கூடாது. குக்கிராமம், வயது, ஆணா பெண்ணா என்பவை போதும். குறை சொன்னவர் யார் என்பது வெளிப்படுமாயின் அடுத்த முறை எவரும் வாய் திறவார்.

கணக்கிடும்போது கவனிக்க வேண்டியவை

சராசரி என்பது பயனுள்ளதே ஆயினும், தனியே நின்றால் ஏமாற்றிவிடும். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு முறையும், இருவர் ஆறு முறையும் அலைந்தனர் என்று கொள்வோம். மொத்தப் பயணம் 20, சராசரி 2. இரண்டு முறை அலைவது பெரிய குறையன்று என்று அறிக்கை முடிந்துவிடும். உண்மையிலோ இரண்டு முறை அலைந்தவர் ஒருவருமில்லை. ஆறு முறை அலைந்த இருவர் யார், எந்தக் குக்கிராமத்தைச் சேர்ந்தவர், எதனால் அலைந்தனர் என்பதே நாம் அறிய வேண்டியது. ஆகவே ஒவ்வொரு சேவைக்கும் ஒரே முறையில் முடிந்தவர் எத்தனை பேர், மூன்றும் அதற்கு மேலும் அலைந்தவர் எத்தனை பேர், முடியாமலே விட்டவர் எத்தனை பேர் என்று மூன்று கட்டங்களில் எழுதுவது சிறந்தது. குக்கிராமவாரியாகவும், ஆண் பெண் என்றும், அறுபது வயதுக்கு மேற்பட்டோர் என்றும் பிரித்துப் பார்த்தால் கடைமடை எங்குள்ளது என்பது தானே தெரியவரும்.

பக்கத்து ஊராட்சியோடு போட்டியிடுவதற்காக இக்கணக்கைப் பயன்படுத்தலாகாது. போட்டி வந்தால் எண்ணை உயர்த்தும் ஆசையும் உடன் வரும். மூதாட்டிகளுக்குப் பதிலாக இளைஞர்களைக் கேட்கும் வழக்கமும் தொடரும். ஊராட்சி தன் சென்ற ஆண்டோடு மட்டுமே தன்னை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

கிராம சபையில் வைத்தல்

அளந்ததைப் பெட்டியில் பூட்டிவைப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல். நேரம் ஒதுக்கிப் பதில் சொன்ன மக்கள், அதனால் என்ன விளைந்தது என்று எதிர்பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் 2022-ஆம் ஆண்டில் நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்னும் அந்நாட்களுள் ஒன்றில் முடிவுகளைப் படித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். மாதந்தோறும் கேட்டால் மக்கள் சலிப்படைவர். ஆண்டுக்கு ஒருமுறை அதே வினாக்களை அதே முறையில் கேட்பதே போதும்.

தீர்மானங்கள் மூன்றுக்கு மேல் வேண்டுவதில்லை. முதலாவது, ஊராட்சியே செய்யக் கூடியது. சான்றாக, வாரத்தில் ஒரு நாள் குக்கிராமத்துக்கே ஒருவர் சென்று விண்ணப்பம் போட்டுக் கொடுத்தல், கட்டணப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல். இரண்டாவது, ஒன்றியமும் மாவட்டமும் செய்ய வேண்டியது. ரேகை பதியாத முதியவர்களுக்கு மாற்று வழி வேண்டுமெனக் கோருதல் அத்தகையது. மூன்றாவது, மக்களே செய்ய வேண்டியது. தம் கைப்பேசி எண்ணை ஆதாருடன் சரிசெய்து கொள்ளுதல், ரசீதின்றிப் பணம் கொடாதிருத்தல் ஆகியவை இதில் அடங்கும். அடுத்த ஆண்டு அளக்கும்போது இம்மூன்றும் நடந்தனவா என்பதே முதல் கேள்வியாக அமைய வேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் ‘மக்களுடன் முதல்வர்’ திட்டம் கோயமுத்தூரிலேயே தொடங்கப்பெற்றது. பல துறைகளின் அலுவலர்களும் ஒரே இடத்துக்கு வந்தமர்ந்து மனுக்களைப் பெற்று, அவ்விடத்திலேயே கணினியில் பதிந்தனர். மக்கள் அலுவலகத்தைத் தேடி அலைவதற்கு மாறாக அலுவலகம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கையே இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படை. சேவை மக்களைத் தேடிச் செல்லலாமெனில், அளவுகோலும் மக்களைத் தேடிச் செல்வதே முறையாகும்.

முடிவுரை

குறைந்த மதிப்பெண் கிடைத்துவிடுமோ என்று அஞ்சி அளக்காமல் இருப்போர் உண்டு. அந்த அச்சம் எனக்கும் இருந்தது. மூதாட்டியின் விரல்கள் நான்கைக் காட்டியபோது என் அறிக்கை சுருங்கிப் போயிற்று என்பது உண்மையே. ஆனால் அந்த நான்கை அறிந்த பின்னரே, மையத்துக்கு வரும் முதியவர்களிடம் கடவு எண் யாருடைய கைப்பேசிக்கு வரும் என்பதை முன்கூட்டியே கேட்டறியும் வழக்கத்தை எங்கள் ஒன்றியத்தில் தொடங்க முடிந்தது. அதற்குப் புதிய கணினியோ கூடுதல் நிதியோ தேவைப்படவில்லை.

ஊராட்சிப் பொறுப்பாளர்களும் உழவர் பெருமக்களும் இவ்வாண்டே தங்கள் ஊரில் இப்பணியைத் தொடங்குவார்களாக. நூறு வீடுகள், எட்டு வினாக்கள், பத்துத் தொண்டர்கள், ஒரு கிராம சபை: இவ்வளவே வேண்டுவது. அடுத்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் காந்திபுரத்தில் இறங்கும் மஞ்சள் பைகளுள் நம் ஊர்ப் பை ஒன்று குறைந்திருக்குமாயின், அந்த ஒருவருக்கு ஒரு நாள் வேலை மிஞ்சும். அதுவே நாம் பெறும் மதிப்பெண்.